சிரிக்கக் கூடாத வார்டு

எங்கள் வார்டில் சிரிக்கக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, கட்டிலுக்கு அடியில் விழுந்த துண்டைக் குனிந்து எடுக்கக் கூடாது. இவையெல்லாம் சேர்ந்ததுதான் வைத்தியம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். குலுங்கிச் சிரித்தால் நெஞ்சு அதிரும். நெஞ்சு அதிர்ந்தால் உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் புண் மறுபடி வாய் திறக்கும். பிறகு ரத்தம்.

மற்றவர்களுக்கு இது கஷ்டமாக இருந்தது. எனக்கு இல்லை. நான் சிறு வயதிலிருந்தே கூச்சக்காரன். கல்யாணத்தில் மாலை மாற்றும்போது சுற்றி நின்றவர்கள் கேலி செய்தும் நான் தலை நிமிரவில்லை என்று என் வீட்டுக்காரி நாச்சாத்தாள் இன்றைக்கும் சொல்வாள்.

க்ஷயம் என்கிற இந்த நோய் வந்த வீட்டார் அதை வெளியில் சொல்லமாட்டார்கள். சொன்னால் ஊரார் பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள், தண்ணீர்ச் சொம்பை எட்டி நின்று வைப்பார்கள். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அதனால் நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் நான் பிழைத்து வந்தது தெரிந்த சிலர் பல்லடம் சந்தையில் என்னைத் தனியே அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தி, அந்த ஆஸ்பத்திரியில் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். கேட்கிறவர் முகத்தைப் பார்த்தாலே அவர் வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. வாயால் விவரிக்க எனக்கு வராது. எழுதிவிட்டால் அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம்.

நான் திருப்பூரில் ஒரு ஜின்னிங் ஆலையில் பஞ்சு எடை போடுகிறவனாக இருந்தேன். ஆலையில் எல்லோருக்கும் இருமல் உண்டு. பஞ்சுத் தூசி என்று சொல்லி வெல்லத்தைக் கடித்துக்கொள்வோம். என் இருமலையும் நான் அப்படியே நினைத்தேன். சாயங்காலமானால் காய்ச்சல், விடியற்காலையில் பாயெல்லாம் வியர்வை. அதையும் வெயிலின் மேல் போட்டேன். ஒரு நாள் தராசுத் தட்டில் இருந்த பஞ்சுக் குவியலுக்கு மேல் குனிந்தபோது இருமல் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைப் பஞ்சில் சிவப்பாக ஒரு பொட்டு. யாரும் பார்ப்பதற்குள் அந்தப் பஞ்சைப் பிய்த்து மடியில் கட்டிக்கொண்டேன். அன்று முழுவதும் அது மடியிலேயே இருந்தது.

அண்ணன்தான் ரயிலில் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அப்பா போன பிறகு எனக்கு எல்லாம் அவர்தான். அங்கே கோழையை ஒரு டப்பாவில் துப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றிப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் நோயின் பூச்சிகள் தெரியுமாம். பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு குளிர்ந்த பலகையில் மார்பை அழுத்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நல்ல நுரையீரல் கறுப்பாகவும் கெட்ட இடம் வெள்ளை மூட்டமாகவும் தெரியும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

முடிவை என்னிடம் சொல்லவில்லை. அண்ணனைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். நான் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, முன்பு உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். எனக்கு இன்ன நோய் என்று அப்படித்தான் தெரிந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. என்னைச் சேர்ப்பதற்காக அவர் எதையெல்லாம் விற்றார் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிற்பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டியில் வேறு யாருடைய மாடுகளோ பூட்டியிருந்ததைக் கண்டு நானாகத் தெரிந்துகொண்டேன்.

என்னைச் சேர்த்த சானடோரியம் ஒரு மேட்டு நிலத்தில் இருந்தது. சுற்றிலும் வேலா மரமும் காற்றும். வார்டுக்கு ஒரு பக்கம் சுவரே கிடையாது. மழையோ பனியோ, கட்டில் தாழ்வாரத்தில்தான். காற்றே மருந்து என்பார்கள். படுத்தபடியே பார்த்தால் தூரத்தில் சென்னிமலை தெரியும். சேர்ந்த அன்றே என் குடுமியை வெட்டிவிட்டார்கள். நீண்ட மயிர் இருந்தால் வியர்வை தங்கி ஜலதோஷம் பிடிக்குமாம். நாவிதர் கத்தரிக்கோலைப் போட்டதும் தலை லேசாகிவிட்டது, ஆனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் கிராப்புத் தலையோடு திரிந்தவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர்தான். நல்ல வேளையாக ஒரு கம்பளிக் குல்லா கொடுத்தார்கள். அதைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். வெயில் காலத்திலும் கழற்றவில்லை.

வாரம் ஒரு முறை ஏ.பி. என்ற வைத்தியம். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் இடையில் காற்றை ஏற்றுவார்கள். அந்தக் காற்று நோய்ப்பட்ட நுரையீரலை அமுக்கிச் சுருட்டி வைக்கும். வேலை செய்யாமல் கிடந்தால் புண் ஆறும். கை ஒடிந்தால் கட்டுப் போட்டு அசையாமல் வைப்பதில்லையா, அதுபோல. ஊசியை விட, ஊசிக்காகக் காத்திருக்கும் வரிசைதான் பயம். முன்னால் போனவர் எந்த முகத்தோடு வெளியே வருகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

அடுத்த கட்டிலில் காசிம் ராவுத்தர் இருந்தார். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் குடைக்கடை வைத்திருந்தவர். என்னைவிட நோய் முற்றியவர். ஆனால் வார்டில் முகம் மலர்ந்திருந்த ஒரே ஆள் அவர்தான். சத்தமில்லாமல், தோள் அசையாமல், உதடும் கண்ணும் மட்டும் சிரிக்க அவர் பழகிவைத்திருந்தார். அதற்குத் தடை இல்லை என்று நர்ஸிடமே கேட்டு வாங்கியிருந்தார். மீன் எண்ணெய் கொண்டுவரும் சிப்பந்திக்கு ஒரு சிரிப்பு, ஊசி போடும் டாக்டருக்கு ஒரு சிரிப்பு.

"மழையே இல்லாத ஊர்ல குடைக்கடை வெச்சவனுங்க நானு. என்னை எது பயமுறுத்தும்?" என்பார்.

ஒரு நாள் என்னிடம், "கவுண்டரே, உங்க மொகத்தைப் பாத்துப் பாத்து எனக்குக் காய்ச்சல் ஏறுதுங்க. செத்த அந்தப் பக்கம் திருப்பிக்குங்க" என்றார். நான் நிஜமாகவே திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்கும் அவர் சத்தமில்லாமல் சிரித்திருப்பார்.

அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. மனைவி முன்பே தவறிவிட்டாள். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான், கடையை மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என் வீட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வார்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாகப் புதைத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் அதற்கு அப்பால் நிற்க வேண்டும். ஞாயிறுதோறும் அண்ணனும் நாச்சாத்தாளும் வருவார்கள். வார்டுக்குள் வந்த பாத்திரம் திரும்பப் போகக்கூடாது என்பதால், அவள் ஒவ்வொரு முறையும் புதிய மண் கலயத்தில் நெய்யோ வறுத்த நிலக்கடலையோ கொண்டுவந்து கல் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொள்வாள். சிப்பந்தி எடுத்துவந்து கொடுப்பான். காலியான கலயங்கள் என் கட்டிலுக்கு அடியில் சேர்ந்துகொண்டே வந்தன. தனிமை அதிகமாகும்போது கையைத் தொங்கவிட்டு அவற்றைத் தொட்டுப் பார்ப்பேன். அவள் கை பட்டதில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அண்ணன் மழை, மாடு, கிணற்றுத் தண்ணீர் என்று நாலு வார்த்தை சொல்வார். மகள் ராமாத்தா நன்றாக இருக்கிறாள் என்பார். நாச்சாத்தாள் அவருக்குப் பின்னால் முக்காடு போட்டு நிற்பாள். பேசமாட்டாள். அவள் முகம் சாத்திய கதவுபோல இருக்கும். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வாரம் முழுவதும் காத்திருந்து பார்த்த முகம் இப்படியிருந்தால் ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் அவர்களிடம் சொல்லிவிட்டார். நான் தேறமாட்டேன்.

எங்கள் பக்கத்தில் புருஷனுடைய அண்ணன் எதிரே தம்பி மனைவி முகம் கொடுத்துப் பேசமாட்டாள். சிரிப்பது கிடக்கட்டும், குரல்கூட வெளியே வராது. இது எனக்குத் தெரியாததல்ல. அண்ணன் எதிரே நானும்தான் சிரிப்பதில்லை. ஆனால் படுத்துக் கிடக்கிறவனுக்குத் தான் செய்வது மட்டுமே வழக்கமாகத் தெரிகிறது. மற்றவர்கள் செய்வது சகுனமாகத் தெரிகிறது.

அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாகப்போகிறவனுக்கு முட்டை எதற்கு, பால் எதற்கு என்று தட்டைத் தள்ளிவைத்தேன். சனிக்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். ஏறினால் நோய் இறங்குகிறது என்று கணக்கு. அந்த எடையை மறுநாள் நர்ஸ் வீட்டாரிடம் சொல்வாள். பாலக்காட்டுப் பக்கத்துப் பெண் அவள். மேரி சிஸ்டர் என்போம். என் எடை இறங்கிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டால் நாச்சாத்தாள் முகம் இன்னும் இருண்டுபோகும். ஏறியது என்று கேட்டால் ஒருவேளை கொஞ்சம் மலரும்.

பஞ்சில் தண்ணீர் தெளித்து எடை கூட்டிக் கொண்டுவருகிற ஆட்கள் உண்டு. பொதியில் கையை விட்டதுமே நான் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான் அந்தச் சனிக்கிழமை எடைக்கு முன்னால் ஒரு கூஜாத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தேன். எடை ஏறியது. மறுநாள் சிஸ்டர் கல்லருகே போய் அண்ணனிடம் அதைச் சொல்வதைப் படுத்தபடி பார்த்தேன். அண்ணன் தலையாட்டினார். நாச்சாத்தாள் தரையைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

எடை ஏறியும் மலராத முகம் என்றால், நடந்தது அதைவிடப் பெரியது. இன்னும் பயந்துபோனேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு கூஜா குடித்தேன். தராசில் ஏறி நின்றதும் வயிறு முட்டிக்கொண்டு வந்தது, நிற்க முடியவில்லை. மேரி சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெளியே போய்வர விட்டு, திரும்பி வந்ததும் மறுபடி தராசில் நிறுத்தினாள்.

"இது என்ன ஏர்ப்பாடு?" என்றாள் மலையாளம் கலந்து.

பக்கத்துக் கட்டிலில் ராவுத்தர் போர்வையால் வாயை மூடிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அன்றுதான் அவரும் சட்டத்தை மீறப் பார்த்தார்.

விஷயம் பெரிய டாக்டர் வரை போயிற்று. அவர் கோபிக்கவில்லை. கட்டிலருகே நின்று என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூட்டம் குறைந்திருக்கிறதாம், கோழையில் பூச்சியும் குறைந்திருக்கிறதாம். அப்படியிருக்க ஆள் மட்டும் ஏன் தேய்கிறான் என்று அவருக்குப் புரியவில்லை. அவர் சொன்னதில் ஒன்று மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சிரிக்கிறவன் வீட்டுக்குப் போகிறான், சுவரைப் பார்த்துப் படுக்கிறவன் போவதில்லை. ஏன் என்று எந்தப் புஸ்தகத்திலும் நான் படிக்கவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்."

அவர் போன பிறகு ராவுத்தர் மெதுவாகக் கூப்பிட்டார். "கேட்டீங்களா கவுண்டரே. ஞாயித்துக்கெழமை உங்க ஊட்டு அம்மணியைப் பாத்து நீங்க ஒருக்காச் சிரிங்க. அவங்க உங்க மொகத்தைப் பாத்துத்தான் பயந்து நிக்கறாங்க."

"அண்ணன் இருக்கறப்ப எப்படீங்க?" என்றேன்.

"ஆமாமா, சாவுறதுக்குக் கூட அண்ணங்கிட்டக் கேட்டுக்குங்க" என்றார்.

அந்த ஞாயிறும் நான் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு விடியற்காலை ராவுத்தருக்கு ரத்தம் வந்தது. திரையை இழுத்து மறைத்தார்கள். வெயில் ஏறும்போது கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைப் பின்புறம் கொண்டுபோய் எரித்தார்கள். இரும்புக் கட்டிலைக் கார்பாலிக் மருந்து போட்டுக் கழுவிக் காயவைத்தார்கள். தாழ்வாரக் கம்பியில் அவருடைய குடை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று பெரிய டாக்டர் எங்கள் வரிசையில் வந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் போய்விட்டார். ஆகவே சிரித்தால் ஆயுள் கூடும் என்று நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கமாட்டேன். ஆனால் அவர் போன பிறகு வார்டில் மீன் எண்ணெயை யாரும் முழுசாகக் குடிக்கவில்லை. இரவு இருமல்கள் முன்னைவிட நீளமாகக் கேட்டன. இதிலும் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இனி ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். அதற்குப் பிறகு நான் சாப்பிட்டது, தண்ணீர் குடிக்காமலே எடை ஏறியது, வீட்டுக்கு வந்தது, இப்போது காற்றுள்ள இடமாகப் பார்த்து அண்ணனுடைய தோட்டத்துச் சாளைக் குடிசையில் படுத்துக்கொள்வது எல்லாம், தேறியவர்கள் யாருக்கும் நடப்பதுதான்.

மழை பெய்து சோளம் விதைக்கும் சமயம். அண்ணனால் வர முடியவில்லை. சென்னிமலைக்குப் போகும் ஊர்ப் பெண்களோடு நாச்சாத்தாளை அனுப்பியிருந்தார். அவர்கள் பயந்துகொண்டு சாலையோரத்து மரத்தடியிலேயே நின்றுவிட்டார்கள். இவள் மட்டும் கலயத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். முக்காடு இல்லை.

அந்த வாரம்தான் மீசையில் எச்சில் தங்குகிறது என்று எல்லோருடைய மீசையையும் எடுத்திருந்தார்கள். அன்று காலை என் குல்லாவைக் கொதிநீரில் போடக் கொண்டுபோயிருந்தார்கள். குடுமி இல்லை, மீசை இல்லை, குல்லாவும் இல்லை. துண்டையாவது தலையில் போட்டுக்கொள்ளலாம் என்று தேடினேன். அது கட்டிலுக்கு அடியில் கலயங்களுக்கு நடுவே கிடந்தது. குனியக்கூடாது.

அவள் கல்லருகே வந்து நின்று என் கட்டிலைப் பார்த்தாள். பிறகு காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்று என்னையே கேட்டாள். "இந்தக் கட்டல்ல இருந்தவரு... எங்கீங்க?"

அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வாரங்களாக நான் பார்த்தது சாவுக்குப் பயந்த முகமே அல்ல. இதுதான் அந்த முகம். முன்பெல்லாம் அவள் வெறுமனே என் அண்ணன் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

"நான்தான் புள்ளே" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஒரு அடி முன்னால் வந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கலயத்தைக் கல் மேல் வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பு வாய்க்குப் போவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூட வந்தது. எது முன்னால் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அட சாமி, குடுமியை எங்கீங்க வெச்சுப்போட்டீங்க?" என்றாள். "இந்தக் கோலத்துல ஊட்டுக்கு வந்தீங்கன்னா கன்னுக்குட்டி முட்டிப்போடுமுங்க, ஆரோ வாத்தியாருன்னு."

பிற்பாடு வீட்டில் அவளைக் கேட்டேன், அத்தனை ஞாயிறும் ஏன் அப்படி நின்றாய் என்று. பெரிய மாமன் பக்கத்தில் எப்படிச் சிரிப்பது, புருஷன் படுத்துக் கிடக்கும்போது பல்லைக் காட்டினாள் என்று ஊரில் பேச்சு வராதா என்றாள். "நீங்க மட்டும் என்னவாம்? குல்லாவைப் போட்டுட்டுக் கல்லாட்டம் பாத்துட்டே இருந்தீங்க. டாக்டரு உங்ககிட்ட என்னமோ சொல்லிப்போட்டாரு, என்கிட்ட மறைக்கறீங்கன்னு நெனச்சுட்டு, ஊட்டுக்குப் போயி நான் சோறு உங்கலைங்க." அவளும் அந்த வாரங்களில் இளைத்துத்தான் போயிருந்தாள். அவளுக்குத் தராசு இல்லை, அவ்வளவுதான்.

அதெல்லாம் பின்னால். அன்று, கன்றுக்குட்டி என்று அவள் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ராவுத்தர் பழகிவைத்திருந்த சிரிப்பு அல்ல. அடி வயிற்றிலிருந்து, தோள் குலுங்க, கட்டில் கிறீச்சிட வந்தது. எத்தனை வருஷத்துச் சிரிப்போ, அடக்க முடியவில்லை. மேரி சிஸ்டர் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அதற்குள் சிரிப்பு இருமலாக மாறிவிட்டது. கோழைக் குவளையை வாயருகே பிடித்துக்கொண்டு இருமினேன். நெஞ்சுக்குள் ஏதோ பிடுங்கி மேலே வருவதுபோல இருந்தது.

நாச்சாத்தாளின் சிரிப்பு நின்றுவிட்டது. தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கல்லைத் தாண்டாமல் நின்றாள். வார்டில் எல்லோரும் என் கையிலிருந்த குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருமல் நின்றது. குவளைக்குள் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆலைத் தராசில் பஞ்சின் மேல் பார்த்த அந்தப் பொட்டு கண்ணுக்குள் வந்து நின்றது. பிறகு பார்த்தேன்.

வெள்ளையாக இருந்தது. சிஸ்டரும் எட்டிப் பார்த்தாள். என் முதுகைத் தட்டினாள்.

கல்லுக்கு அப்பாலிருந்து பார்த்தால் குவளைக்குள் தெரியாது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் எனக்கு மூச்சு இல்லை. உரக்கப் பேசவும் கூடாது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரே வழிதான் இருந்தது.

உதடும் கண்ணும் மட்டும், தோள் அசையாமல், ராவுத்தர் செய்வதுபோல அவளைப் பார்த்துச் சிரித்தேன்.